நைட்ரோவை வீழ்த்தியவர்கள்

1998 ஏப்ரல் 13, திங்கட்கிழமை. எண்பது வாரங்களுக்கு மேலாகப் பார்வையாளர் கணக்கில் டபிள்யூ.சி.டபிள்யூ. என்ற அமெரிக்க ரெஸ்லிங் நிறுவனத்தின் தொலைக்காட்சி நிகழ்ச்சியான ‘நைட்ரோ’விடம் தோற்றுவந்த, போட்டி நிறுவனமான டபிள்யூ.டபிள்யூ.எஃப்.பின் ‘ரோ’ அன்றுதான் முந்தியது. அன்றைய மோதலாக அறிவிக்கப்பட்டது டபிள்யூ.டபிள்யூ.எஃப். வீரர் ஸ்டீவ் ஒஸ்டினுக்கும் அதன் முதலாளி வின்ஸ் மக்மஹோனுக்கும் இடையிலானது. அந்த இருவரையும் ஆளாக்கியதில் எதிரணிக்கே பங்கு உண்டு.

ரெஸ்லிங்கில் வெற்றி தோல்வி முன்பே முடிவாகிவிடும். ஆனால் நிறுவனங்களின் போட்டி நிஜம். ஆள் மாறினால் கதையும் மாறும். இதை முதலில் புரிந்துகொண்டது டபிள்யூ.சி.டபிள்யூ. 1995 செப்டம்பரில் நைட்ரோ தொடங்கிய இரவிலேயே, முதல்நாள் வரை எதிரணியில் ஆடிய லெக்ஸ் லூகர் அங்கே வந்து நின்றார். 1996 மே மாதம் ஸ்கொட் ஹோல், அடுத்த மாதம் கெவின் நாஷ். இருவரும் எதிரி நிறுவனத்திலிருந்து படையெடுத்து வந்தவர்களைப் போலக் காட்டப்பட்டார்கள். ஜூலையில் ஹல்க் ஹோகன் வில்லனாகி அவர்களோடு சேர, ‘நியூ வேர்ல்ட் ஓர்டர்’ என்ற அணி பிறந்தது. கட்சி மாறியதையே கதையாக்கியதுதான் அவர்களின் கெட்டித்தனம்.

ஆனால் வந்தவர்களைக் கொண்டாடியவர்கள், கையில் இருந்தவர்களைக் கவனிக்கவில்லை. ஒஸ்டினை 1995இல், காயப்பட்டிருந்த நேரத்தில், வேலையிலிருந்து நீக்கியது இதே டபிள்யூ.சி.டபிள்யூ.தான். 1997 நவம்பரில் டபிள்யூ.டபிள்யூ.எஃப். சம்பியன் பிரெட் ஹார்ட் அங்கே போகவிருந்தபோது, மொன்றியல் அரங்கில் அவருக்கே தெரியாமல் முடிவை மாற்றிப் பட்டத்தைப் பறித்தார் மக்மஹோன். ரசிகர்களின் கோபம் அவர்மேல் திரும்பியது. அந்தக் கோபத்தையே முதலாக வைத்து, ரசிகர்கள் வெறுக்கும் முதலாளியாக அவர் மேடையேறினார். ஹார்ட்டை வாங்கியவர்களோ அவரை என்ன செய்வதென்று அறியாது வீணடித்தார்கள்.

டபிள்யூ.சி.டபிள்யூ. மேலே வரவிடாமல் வைத்திருந்த வீரர் கிறிஸ் ஜெரிக்கோ 1999 ஓகஸ்டில் டபிள்யூ.டபிள்யூ.எஃப்.பில் தோன்றினார். 2001 டிசம்பரில் ஒரே இரவில் ‘தி ரொக்’ என்ற நட்சத்திர வீரரையும் ஒஸ்டினையும் வென்று டபிள்யூ.டபிள்யூ.எஃப்.பின் ஒரே சம்பியனானார். அதற்குள் டபிள்யூ.சி.டபிள்யூ.வே இல்லை, அந்த ஆண்டு மார்ச்சில் மக்மஹோன் அதை வாங்கிவிட்டார். பிழையான நிர்வாகமும் பணவிரயமும் அதன் வீழ்ச்சிக்குக் காரணங்கள்தான். ஆனாலும் அதை வீழ்த்திய ஆயுதங்களில் பல அதன் கையிலிருந்தே போனவை.

உதைபந்தாட்டத்தில் ஊறிய மன்னார்த் தீவுக்கு இந்தப் பாடம் அந்நியமானதல்ல. பக்கத்து ஊர்க் கழகத்தின் நட்சத்திரம் நம் சட்டை போட்டு இறங்கினால் மைதானம் நிறையும். அந்த ஆரவாரம் சில ஆட்டங்களுக்குத் தாங்கும். ஆனால் வாய்ப்புக் கிடைக்காமல் கரையில் உட்கார்ந்திருக்கும் நம் பையன் வேறு கழகத்துக்குப் போனால், அடுத்த ஆண்டு நமக்கு எதிராகக் கோல் அடிக்கப்போவது அவன்தான். வெளியிலிருந்து ஓர் ஆளைக் கேட்டுப் போகுமுன், அவனை இறக்கிப் பார்ப்பதுதான் கழகங்களின் முதல் கடமை.