திறந்த உலகும் ஆற்றுப்படையும்: நிகழ்பட ஆட்டங்களின் தோய்வு பற்றிய ஓர் ஆய்வு

உவகை என்னும் மெய்ப்பாடு தோன்றுதற்குரிய நிலைக்களன்கள் நான்கு எனத் தொல்காப்பியம் வகுக்கும். செல்வம், புலன், புணர்வு என்னும் மூன்றனோடு விளையாட்டும் ஈண்டு ஒருங்கு வைத்து எண்ணப்படுகிறது. கற்பியலோ, ஆற்றிலும் குளத்திலும் சோலையிலும் ஆடி, தாம் வாழும் ஊரின் எல்லையைக் கடந்து சென்று இன்புறுதலைத் தலைவன் தலைவியர்க்கு உரியதாகக் கூறும். ஊரெல்லை கடத்தல் என்னும் இக்குறிப்பு ஊன்றி நோக்கற்பாலது. ஆட்டம் என்பது இருந்த இடத்திலிருந்து காய் நகர்த்துதல் மட்டும் அன்று. அறிந்த நிலத்தை விட்டு அறியா நிலத்துட் புகுதலும் ஆட்டமே என்பது அந்நூற்பாவால் பெறப்படும்.

இக்கருத்தை மனத்திற்கொண்டே, நம் காலத்து இளைஞர் பல நூறு மணி நேரம் ஈடுபட்டுத் திளைக்கும் ஒருவகை நிகழ்பட ஆட்டத்தை, அதாவது வீடியோ கேமை, ஈண்டு ஆராயப் புகுகின்றோம். திறந்த உலக ஆட்டம் என்பது அதன் பெயர். ஒரு கட்டம் முடிந்தபின் மறு கட்டம் என ஒரே வழியில் செலுத்தப்படாது, பரந்த நிலமொன்றினுள் விடப்பட்டு, எத்திசையும் செல்லலாம், எப்பணியையும் முன்பின்னாகச் செய்யலாம் என்னும் உரிமையோடு ஆடுவது அது. 1984இல் வெளிவந்த எலைட் என்னும் விண்வெளி ஆட்டத்திலேயே இதன் வித்துக் காணப்படும். பணம் வைத்தாடும் இணையச் சூதினை இதனோடு ஒன்றாக எண்ணுவார் உளர். சூதினைத் தடுத்தற்குத் தமிழ்நாட்டில் 2023இல் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. நடுவணரசும் 2025இல் சட்டம் இயற்றியது. அச்சட்டங்கள் கருதிய பொருள் வேறு; யாம் கருதும் பொருள் வேறு.

ஆடுவோன் தன்னை மறந்து அவ்வுலகினுள் தோய்தற்குக் காரணம் யாது? நிலத்தின் பரப்பு என்பர் சிலர். வேண்டியது செய்யும் உரிமை என்பர் சிலர். கண்ணைக் கவரும் ஓவியத் திருத்தம் என்பர் வேறு சிலர். இம்மூன்றும் துணைக்காரணங்களே என்பது எம் கருத்து. பரப்பே காரணமாயின் பெரிய ஆட்டம் எல்லாம் சிறந்த ஆட்டம் ஆதல் வேண்டும், ஆகவில்லை. பல மைல் பரப்புடைய உலகங்கள் பத்து மணி நேரத்தில் சலிப்பூட்டுதலை ஆடினோர் அறிவர். முதற்பொருளும் கருப்பொருளும் தம்முள் பிணைந்து, ஆடுவோன் செய்யும் ஒவ்வொரு செயலுக்கும் நிலமே விடை இறுக்குமிடத்துத்தான் தோய்வு பிறக்கின்றது. இதனை இரண்டோர் ஆட்டங்களால் விளக்குவாம்.

2017இல் ஜப்பானிய நிறுவனமாகிய நிண்டெண்டோ வெளியிட்ட 'தி லெஜண்ட் ஆஃப் செல்டா: பிரெத் ஆஃப் தி வைல்டு' என்பதனை முதற்கண் எடுத்துக்கொள்வோம். அதன் தலைவன் நீண்ட உறக்கத்தினின்று எழுந்து குகையை விட்டு வெளிவருகிறான். எதிரே நாடு முழுதும் கிடக்கின்றது. இறுதிப் பகைவன் உறையும் கோட்டையும் தொலைவில் தோன்றுகின்றது. தொடக்கப் பீடபூமியை விட்டு இறங்கியபின், விரும்பினால் நேரே அக்கோட்டைக்கே செல்லலாம், பெரும்பாலும் இறப்பான், ஆயினும் தடுப்பார் இல்லை. அவ்வுலகில் மழை பெய்யின் பாறை வழுக்கும், ஏறுவோன் சறுக்குவான். இடியும் மின்னலும் மிக்க பொழுதில் இரும்பு வாள் ஏந்தி நிற்பவன்மேல் மின்னல் விழும். புல்வெளியில் தீ மூட்டின் அது பரவும். அத்தீயினின்று மேலெழும் காற்று, அவன் விரித்த பறவைப்பாயை உயரத் தூக்கும். இவற்றை ஆடுவோனுக்கு எவரும் பாடமாக ஓதுவதில்லை. ஒருமுறை மின்னலால் மடிந்தவன் மறுமுறை முகில் கருக்கும்போதே வாளைக் கழற்றி வைக்கிறான். கார்ப்பொழுது என்னும் முதற்பொருள் அவனது ஒழுக்கத்தை மாற்றிவிட்டது. உவகையின் நிலைக்களனாகிய புலன் என்பதை அறிவுடைமை எனக் கொள்ளின், ஈண்டுப் புலனும் விளையாட்டும் ஒன்றுபட்டு உவகை தருகின்றன எனலாம்.

இவ்வாட்டத்தை இயக்கியவர் ஹிடேமாரோ ஃபுஜிபயாஷி. நிலத்தின் அளவையும் தொலைவையும் உறுதி செய்தற்குத் தம் ஊராகிய கியோட்டோவின் வரைபடத்தை ஆட்ட நிலத்தின்மேல் வைத்துப் பார்த்ததாக அவரே கூறியுள்ளார். மேலும் அந்நிறுவனத்தார், மலைகளை முக்கோண வடிவில் அமைத்தமை பற்றியும் விளக்கியுள்ளனர். குன்று ஒன்று எதிர்ப்படின் ஏறலாம், அன்றிச் சுற்றிச் செல்லலாம். எவ்வழியிற் சென்றாலும் அதுகாறும் குன்றால் மறைந்திருந்த ஒன்று சிறிது சிறிதாகப் புலப்படும். மறைத்தலும் காட்டலும் ஆகிய இரண்டனையும் மலையே செய்கின்றது.

மலை வழிச்செலவை இவ்வாறு பொருளாக்கிய நூல் நம்மிடத்தும் உண்டு. பத்துப்பாட்டினுள் 583 அடிகளான் அமைந்த மலைபடுகடாம், செங்கண்மாவின் தலைவன் நன்னனைப் பாடிய கூத்தராற்றுப்படை. பரிசில் பெற்று மீளும் கூத்தன், எதிர்வரும் கூத்தனுக்கு வழி கூறுகிறான். புரவலன் புகழே பாட்டின் நோக்கமாயினும் வழியின் செய்தியே பாட்டின் பெரும்பகுதியைக் கவர்ந்து நிற்றல் வியப்புக்குரியது. பன்றிக்கு வைத்த பொறிகள் உண்டு, பார்த்து நடமின். பாம்புறையும் குழிகள் உண்டு. தினைப்புனம் காப்போர் யானையை வெருட்ட எறியும் கவண்கல் பாய்ந்து வரும், மரங்களின் பின் மறைந்து செல்மின். பாசி படர்ந்த வழுக்குநிலம் உண்டு, பற்றுக்கோடு பற்றிச் செல்மின் என்னும் போக்கில் செல்கிறது அவ்வுரை. ஒவ்வோரிடத்தும் யார் உறைவர், எவ்வுணவு கிடைக்கும் என்பதும் உடன் கூறப்படும். கவண்கல் கூத்தரைக் குறித்து எறியப்பட்டதன்று என்பது நுணுகி உணரற்பாலது. அது புனங்காப்போரின் அன்றாடத் தொழில். கூத்தர் இடையே புகுந்தனர். தன்னைக் கருதாமலே இயங்கும் உலகினுள் தான் புகுந்திருக்கின்றோம் என்னும் உணர்ச்சியே தோய்வின் வேர்.

எல்லாவற்றையும் எம் முன்னோர் அன்றே கண்டனர் என்று மார்தட்டுதல் எம் நோக்கமன்று. பாட்டைக் கேட்போன் வழுக்குநிலத்தில் விழுவதில்லை, ஆடுவோன் விழுகிறான். பாட்டின் வழி பாடினோன் வகுத்த வரிசையிற் செல்லும். ஆட்டத்தின் வழி ஆடுவோன் காலைப் பொறுத்தது. இவ்வேற்றுமை பெரிது. ஆயினும், நிலத்தைக் கூறும் முறையால் நடப்போனின் உள்ளத்தை ஆளலாம் என்னும் கலையறிவு இரண்டற்கும் பொது. ஆதலின் ஒன்றன் இலக்கணங்கொண்டு மற்றொன்றன் குறையை அளந்தறிதல் பொருந்தும்.

அக்குறையாவது யாது? ஆற்றுப்படுத்துவோன் வழி கூறுகிறான்; உடன் வந்து கைப்பிடித்து நடத்துவதில்லை. இன்றைய ஆட்டங்கள் பலவற்றிலோ, உயர்ந்த கோபுரமொன்றில் ஏறியவுடன் வரைபடம் முழுதும் குறிகளால் நிறைந்துவிடுகிறது: இங்கே பேழை, அங்கே பகைவர் பாசறை என்று. அதன்பின் ஆடுவோன் நிலத்தை நோக்குவதில்லை. திரையின் மூலையிலுள்ள சிறு வரைபடத்தையே நோக்கி ஓடுகிறான். மேற்கூறிய செல்டா ஆட்டத்திலும் கோபுரங்கள் உண்டு. ஆனால் அவை நிலத்தின் வடிவை மட்டுமே காட்டும். அங்கு யாது உளது என்பதைக் கோபுரத்தின்மேல் நின்று கண்ணாற் கண்டு ஆடுவோனே குறியிட்டுக்கொள்ள வேண்டும்.

உரிப்பொருள் நிலத்தோடு ஒட்டாமை மற்றொரு குறை. 2015இல் வந்த 'தி விட்சர் 3' மிகச் சிறந்த ஆட்டம் என்பதில் ஐயமில்லை. அதன் சிற்றூர்களில் துயரம் மெய்யாகவே உறைகின்றது. ஆனால் மகள்போல் வளர்த்த சிரியைத் தேடித் துடிக்கும் தலைவன், வழியிற் கண்ட கடைக்காரனோடு நாள் முழுதும் சீட்டாடலாம். கதை இரங்கச் சொல்கிறது. உலகமோ ஆடச் சொல்கிறது. 2018இல் வந்த 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2' இவ்விடத்து வேறுபடும். அதில் வேட்டையாடிய விலங்கைத் தோலுரிக்கச் சிறிது நேரம் காத்திருத்தல் வேண்டும். உடல் நாளடைவில் அழுகும். ஊர்ந்துவந்த குதிரை இறப்பின் அதன் பிரிவு ஆடுவோனை வருத்தும். மந்தமான நடை என்று இதனைக் குறைகூறுவார் பலர். எமக்கோ அம்மந்தமே அவ்வுலகின் எடையாகத் தோன்றுகிறது.

ஃபுஜிபயாஷி தம் ஊரை அளவுகோலாகக் கொண்டதுபோல் நாமும் நம் நாட்டு ஊரொன்றைக் கொண்டு பார்த்தல் தகும். பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலத்தைத் தேர்ந்தோம். கடலூர் மாவட்டத்தில் மணிமுத்தாற்றங்கரையில் அமைந்த அவ்வூர் தேவாரத்தில் திருமுதுகுன்றம் எனப் பெயர் பெறும். பெயரிற் குன்று உண்டு. கண்ணிற் குன்று இல்லை. அது நிலத்துள் அமிழ்ந்தது என்பது தலக்கதை.

அவ்வூர்ப் பீங்கான் பட்டறைகளில் பொம்மை செய்யும் முறை ஈண்டு உவமையாக உதவும். பாரிஸ் சாந்தாலான அச்சினுள் களிக்குழம்பை ஊற்றுவர். அச்சு நீரை உறிஞ்ச, அதன் உட்பக்கத்தில் மெல்லிய களிச்சுவர் படியும். எஞ்சிய குழம்பைக் கவிழ்த்து விடுவர். கிடைப்பது புறத்தே முழுவடிவும் அகத்தே வெறுமையும் உடைய பொம்மை. கொலுவில் வைத்தற்கு அதுவே போதும். கனத்த பொம்மை சூளையில் வெடிக்கும். ஆனால் உலகம் கொலுப்பொம்மை அன்று. 2013இல் வெளிவந்த 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5' காட்டும் லாஸ் சாண்டோஸ் நகரத்து வீடுகளிற் பெரும்பாலானவை கதவு திறவாதவை; களிச்சுவர் மட்டும் உண்டு. 2017இல் மேற்குத் தொடர்ச்சி மலையைக் களனாகக் கொண்டு வந்த 'அன்சார்டட்: தி லாஸ்ட் லெகசி'யிலும் ஹொய்சளச் சிற்பத்தின் அழகு உண்டு, அம்மலையில் உழுவாரும் விற்பாரும் இல்லை. நம் நிலம் பிறர் ஆட்டத்துள் இடம்பெறும்போதெல்லாம் இங்ஙனம் இடிபாடாகவே இடம்பெறுதல் வருந்தத்தக்கது. டொராண்டோவினின்று 2023இல் வந்த 'வெண்பா' தமிழ்க் குடும்பத்தின் அடுக்களையை உள்ளன்போடு காட்டியது. அது திறந்த உலகம் அன்று. ஆனால் உள்ளே வெறுமையும் இல்லை.

முதுகுன்றத்துக் கதைகள் இரண்டும் ஈண்டு நினைத்தற்குரியன. திருப்பணி செய்தோர்க்கு விபசித்து முனிவர் வன்னியிலைகளைக் கூலியாக அளித்தார். அவை அவரவர் உழைப்புக்கேற்பப் பொன்னாயின என்பது ஒன்று. இலை ஒன்றே, பயன் செயலுக்கேற்ப வேறுபட்டது. ஆட்டமோ பெரும்பாலும், ஓடியவனுக்கும் உழைத்தவனுக்கும் ஒரே அளவு காசை எண்ணித் தருகிறது. மற்றொன்று பெரியபுராணம் கூறுவது. சுந்தரர் இங்குப் பெற்ற பன்னீராயிரம் பொன்னை மணிமுத்தாற்றில் இட்டு, திருவாரூர்க் குளத்தில் எடுத்தார். மாற்றுக் குறையாமையை ஒத்துப் பார்த்தற்கு மச்சம் வெட்டியும் கொண்டார். ஆற்றில் இட்டது ஆற்றோடு போகும் என்னும் நியதி நம் உள்ளத்தில் நிலைத்திருத்தலால்தான் குளத்தில் எடுத்தது அற்புதமாயிற்று. எங்கு நின்று சீழ்க்கை அடித்தாலும் குதிரை பின்னால் வந்து நிற்கும் உலகில் அற்புதத்திற்கு இடமேது? செல்டா ஆட்டத்தில் குதிரையைத் தொலைவில் விட்டவன் நடந்தே மீளவேண்டும். இன்றேல் குதிரைக் கொட்டில் வரை சென்று பெறவேண்டும்.

முதுகுன்றத்துக் கோயிலில் ஆழத்துப் பிள்ளையார் சந்நிதி உண்டு. நிலமட்டத்தினின்று படிகளில் இறங்கிச் சென்றே அப்பிள்ளையாரைக் காணல் வேண்டும். கோபுரத்தைத் தொலைவிலிருந்தே காண்கின்றோம். அதனை நோக்கி நடக்கின்றோம். உள்ளே நுழைந்தபின்னரே, உயர்ந்தது காட்டி அழைத்த இடத்தில் ஆழ்ந்தது ஒன்றும் இருத்தலை அறிகின்றோம். இவ்வூரை ஆட்ட உலகாக வகுப்பான் ஒருவன், அப்படிக்கட்டின் தலையில் சுழலும் ஒளிக்குறி ஒன்றை வைப்பானாயின், இறங்குவோன் பிள்ளையாரைக் காணான். பட்டியலில் ஓர் எண் குறைந்தமையையே காண்பான். மலைபடுகடாத்துக் கூத்தன் இதற்கு வேறு வழி கூறியுள்ளான். கவர்த்த வழிகளில் திசை மயங்காதபடி, பின்வருவோர்க்குப் புல்லை முடிந்து அடையாளம் இடுமாறு தன் கூட்டத்தார்க்கு உரைக்கிறான். 2019இல் வந்த 'டெத் ஸ்ட்ராண்டிங்' ஆட்டத்தில் முன்சென்றோர் வைத்த ஏணியும் பாலமும் பின்வருவோர்க்குக் கிடைக்கின்றன. பலர் கால்பட்ட நிலம் தடமாகவே மாறுகின்றது. 2022இல் வந்த 'எல்டன் ரிங்'கில் பிறர் எழுதிவைத்த குறிப்புகள் நிலத்தில் கிடக்கின்றன. அவற்றுள் பொய்யும் உண்டு என்பதால் படிப்போன் ஆராய்ந்தே அடியெடுத்து வைக்கிறான். வரைபடத்துக் குறி உலகுக்கு வெளியே நின்று காட்டுவது. புல்முடி உலகினுள் நடந்தவன் கையால் இட்டது. விருத்தாசலத்துப் படிக்கட்டின் தலையில் வைத்தற்கு உரியது பின்னதே.