ஒரே கூரை விதி: தப்பு எங்கே?

பிரிட்டனில் குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசே இழப்பீடு தரும் திட்டம் 1964-ல் தொடங்கியது. அதில் ‘ஒரே கூரை’ன்னு ஒரு விதி: குற்றவாளியோடு ஒரே வீட்டில் குடும்பமாக வாழ்ந்தவருக்குப் பணம் கிடையாது. 1979 அக்டோபரில் அதைத் தளர்த்தினார்கள். ஆனால் அதற்கு முந்தைய குற்றங்களுக்கு விதி அப்படியே தொடர்ந்தது.

சிறுவயதில் மாற்றாந்தந்தையின் பாலியல் கொடுமைக்கு ஆளான ஒரு பெண், அவன் தண்டிக்கப்பட்ட பிறகு விண்ணப்பித்தார். மனு தள்ளுபடி. தீர்ப்பாயத்திலும் தோல்வி. விடவில்லை. 2018-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் விதியைப் பாரபட்சம் என்றது, 2019-ல் நீக்கினார்கள். முன்பு மறுக்கப்பட்டவர்களும் மறுபடி விண்ணப்பிக்கலாம் என்றானது.

பாருங்க, அதிகாரி விதிப்படிதான் மறுத்தார். தப்பு விதியில். வீட்டைவிட்டுப் போக முடியாத குழந்தையிடம் ‘ஏன் அங்கே இருந்தாய்’னு கேட்கிற விதி அது. விதியையே கேள்வி கேட்க முடியலைன்னா மேல்முறையீடு எதுக்கு?