மாடும் ரயிலும் மணலும்

எங்கள் மேலப்பாளையத்திலிருந்து கோல்ஃப் பையைத் தோளில் மாட்டிக் கிளம்புகிறவனுக்கு முதல் நிறுத்தம் கொடைக்கானல்தான். மதுரை, வத்தலகுண்டு தாண்டி மலையேறினால், பச்சைப் பள்ளத்தாக்குக் காட்சிமுனைக்குப் பக்கத்தில் 1895-இல் தொடங்கிய கிளப் இருக்கிறது. இரண்டாயிரம் மீட்டருக்கு மேலே காற்று லேசாக இருப்பதால், சமவெளியில் 150 கெஜம் போகும் அடி அங்கே 160 பக்கம் போகும். மேட்டிலிருந்து கீழே அடிக்கும்போது இன்னும் நீளும். கை பழகிய கணக்கையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு ஆட வேண்டிய மைதானம் அது.

பனிமூட்டம் விலகும்போது, பந்தடிக்கும் புல்வெளிப் பாதையான ஃபேர்வே நடுவில் காட்டுமாடு நிற்கும். கன்னங்கரேலென்ற உடம்பு, முட்டுக்குக் கீழே வெள்ளைக் கால்கள், ஒரு டன்னுக்குக் கிட்டே வரும் எடை. பை சுமந்து வரும் கேடி கையை உயர்த்துவார், “நில்லுங்க சார், அதுவா போயிடும்.” மட்டையை ஊன்றிக்கொண்டு நிற்போம். அது அவசரப்படாமல் புல்லைக் கடித்து முடித்து, சோலைப் பக்கம் நகரும். பறக்கும் பந்து தற்செயலாக மாட்டின்மேல் பட்டால் தண்டனை கிடையாது, விழுந்த இடத்திலிருந்தே ஆட வேண்டும். நின்ற பந்தை மாடு தட்டிவிட்டால் தண்டனை இல்லாமல் பழைய இடத்திலேயே எடுத்து வைக்க வேண்டும். விதிப்புத்தகமே மிருகத்துக்கு இடம் விட்டிருப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

முதல் அடி அடிக்கும் டீயிலிருந்து நாலேகால் அங்குலக் குழி வரைக்குமான மொத்த நிலமும் ஒரு ஹோல். அழகான ஹோல்கள் உலகத்தில் ஏராளம். ஆனால் பெயர்த்துக் கொண்டுபோய் வேறு ஊரில் வைக்க முடியாத ஹோலைத் தேடித்தான் பயணம் போக வேண்டும் என்பது என் கட்சி.

ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய மைதானத்தின் 17-ஆவது ஹோல் இதற்கு உச்சம். 495 கெஜம், பார் நான்கு, அதாவது நான்கு அடியில் முடிக்க வேண்டிய கணக்கு. முதல் அடியையே பக்கத்து ஹோட்டல் கொட்டகையின் மூலைக்கு மேலே அடிப்பதுதான் வழக்கம். குழி இருக்கும் கிரீனுக்குப் பின்னால் ஒரு சாலை. பந்து அதில் போய் உட்கார்ந்தால் சலுகை கிடையாது, சாலையிலிருந்தே அடிக்க வேண்டும். ஃபுளோரிடாவின் சாகிராஸில் சுற்றிலும் தண்ணீர் சூழ்ந்த 17-ஆவது கிரீனைப் பார்த்து எத்தனையோ பேர் நகல் எடுத்தார்கள். அங்கே மணலுக்காகத் தோண்டியதில் பெரும் பள்ளம் விழுந்துவிட்டது; வடிவமைத்த பீட் டையின் மனைவி ஆலிஸ் டைதான் அதில் நீர் விட்டுத் தீவாக்கும் யோசனையைச் சொன்னார். நகல்களுக்கு அந்தப் பள்ளம் இல்லை. அவற்றைப் பார்க்க நான் பயணப்பட மாட்டேன்.

பெயர்க்க முடியாத இன்னொன்று கொழும்பில். பொரளையில் உள்ள ராயல் கொழும்பு கோல்ஃப் கிளப் 1879-இல் பிறந்தது. அவிசாவளைக்குப் போகும் களனிவெளி ரயில் பாதை மைதானத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. ரயில் வந்தால் ஆட்டம் நிற்கும். முதல் உரிமை ரயிலுக்கு. பாதையைத் தாண்டி அடிக்கக் குறிபார்த்து நிற்கும்போது தொலைவில் ஹாரன் கேட்டால், அடித்துவிடலாமா, பொறுக்கலாமா என்று மனசு தடுமாறும். பொறுங்கள். அவசரத்தில் அடித்த அடி நேராகப் போவதில்லை.

அப்படிப்பட்ட இன்னொரு ஹோல் துபாயில். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அங்கே ஷேக் சாயித் சாலை வழியாகப் போகும்போது, அரபிக் கூடார வடிவில் ஒரு கட்டடம் பார்த்திருப்பார்கள். அது எமிரேட்ஸ் கோல்ஃப் கிளப். அங்கே 1988-இல் திறந்த மஜ்லிஸ் மைதானம்தான் வளைகுடாப் பகுதியில் முழுக்கப் புல் போட்ட முதல் சாம்பியன்ஷிப் மைதானம். அதற்கு முன்பு அந்தப் பக்கம் எண்ணெய் கலந்து இறுக்கிய மணல்தான் கிரீன். மஜ்லிஸின் 8-ஆவது ஹோலில் டீக்கும் ஃபேர்வேக்கும் நடுவே பாலைவனத்தை அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். மணலும் முள்செடியும் கிடக்கும், தூரத்தில் கோபுரக் கட்டடங்கள் வரிசையாக நிற்கும். ஃபேர்வே வலப்புறம் வளைந்து மேடேறுகிறது. வலதுபக்கம் மணலைத் தாண்டத் துணிந்தால் இரண்டாவது அடி குறையும். தவறினால் முள்ளுக்குள் போய்த் தேட வேண்டியதுதான். இடதுபக்கம் பத்திரம், ஆனால் அங்கிருந்து மேட்டுக் கிரீன் வெகு தூரம். முதல் தடவை ஆடுகிறவர் இடதுபக்கமே அடிக்கட்டும். கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்கு வேண்டியதைவிட ஒரு படி நீளமாக அடிக்கும் மட்டையை எடுக்கட்டும். குளிர்காலத்தில் போவது நல்லது. ஜூன் வெயிலில் அந்த மேட்டை நடந்து ஏற முடியாது.