கேலியில் பிழைத்த நூல்கள்

ஒரு நாவலின் கதைமாந்தர் எதைப் படிக்கிறார், எதை மனப்பாடமாக ஒப்பிக்கிறார், எதைப் பழிக்கிறார் என்று குறித்துக்கொண்டு அந்த நூல்களைத் தேடிப் படிப்பது, பழைய எழுத்துகளை அடையும் வழிகளில் மிகவும் சுவையானது. பாடத்திட்டம் ஒரு நூலை அதன் பெருமையோடு மட்டும் முன்வைக்க, கதைமாந்தரோ அதைத் தம் ஆசை, சலிப்பு, குடிமயக்கம், வன்மம் அனைத்தோடும் சேர்த்தே கையளிக்கிறார். இவ்வழியில் போற்றப்பட்ட நூல்களைக் காட்டிலும் கேலிக்கு ஆளான நூல்களே அதிகப் பயன் பெற்றிருக்கின்றன.

1817இன் இறுதியில் வெளிவந்த ஜேன் ஆஸ்டினின் 'நார்த்தாங்கர் அபி' நாவலில் இசபெல்லா என்பவள், தோழி கேதரினுக்காகக் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கும் ஏழு 'காத்திக்' நாவல்களின் பெயர்களை வரிசையாகப் படித்துக் காட்டுகிறாள். பாழடைந்த கோட்டை, மறைக்கப்பட்ட வாரிசு, நள்ளிரவு ஓலம் என அச்சமூட்டும் சரக்குகளால் ஆன கதைகளே காத்திக் நாவல்கள் எனப்பட்டன. அவற்றை நையாண்டி செய்வதற்காக ஆஸ்டின் இட்டுக்கட்டிய தலைப்புகள் அவை என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. ஏழும் மெய்யாகவே அச்சேறியவை என்பது 20ஆம் நூற்றாண்டில் உறுதியாகி, பீகாரின் தர்பங்காவில் பிறந்த தேவேந்திர பி. வர்மா 1968இல் அவற்றை ஒரு வரிசையாகப் பதிப்பித்தார். ஆஸ்டின் சிரித்திராவிட்டால் அவற்றுள் பெரும்பாலானவற்றை இன்று எவரும் சீண்டியிருக்க மாட்டார்கள்.

தமிழில் இதற்கு நிகரான, இன்னும் காரமான இடம் ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' (1972). சிங்கம்புணரியிலிருந்து 1938இல் இந்தோனேசியாவின் மேடான் நகருக்குப் பிழைக்கச் சென்ற சிங்காரம், இரண்டாம் உலகப் போர்க் காலத்து மேடானையும் பினாங்கையும் களமாக்கி எழுதிய இந்நாவலின் மனிதர்கள் வட்டிக்கடை உலகத்தவர். கடையை நடத்தும் 'மேலாள்', அவருக்குக் கீழே வரவுசெலவு பார்க்கும் 'அடுத்தாள்', எடுபிடி வேலை செய்யும் 'பெட்டியடிப் பையன்' என்று படிநிலை வகுக்கப்பட்ட உலகம் அது. அங்கிருந்து வந்த பாண்டியனும் மாணிக்கமும் கூட்டாளிகளும் குடித்துக்கொண்டே சிலப்பதிகாரத்தையும் குறளையும் தாயுமானவரையும் இழுத்துப்போட்டுப் பேசும் பகுதிகள், தமிழ்ப் பெருமிதத்தின் மேடைக்குரலை அக்குரலாலேயே குத்திக் காட்டுகின்றன. ஒரு நூலின் ஓசையையும் அமைப்பையும் இரவல் வாங்கி அதையே கிண்டலுக்குக் கருவியாக்கும் எழுத்து முறைக்குப் பகடி என்று பெயர்; மூலத்தின் ஓசை காதில் இல்லாதவருக்குப் பகடியில் பாதி சிரிப்பு விளங்காமல் போகும் என்பதால், விட்டுப்போன பாதிக்காகவே அவர் மூலத்தைத் திறக்க வேண்டியதாகிறது. இசபெல்லாவிடம் இருப்பது குறிப்பேடு என்றால், இவர்களிடம் நூலே இல்லை. அவர்கள் வைதாலும் அதை நினைவிலிருந்தே வைகிறார்கள், அவ்வளவு நெருங்கிப் படித்தவரால் மட்டுமே அப்படி வைய முடியும். தாயுமானவரைப் பக்தி நூல் என்று ஒதுக்கி வைத்திருக்கும் வாசகரை அவரிடம் அழைத்துச் செல்வதில் உரையாசிரியர்கள் பலரை விடப் பாண்டியன் வல்லவன்.

ஜெயகாந்தனின் கங்கா காட்டும் வழி வேறு. 'சில நேரங்களில் சில மனிதர்கள்' (1970) நாவலில் அவள் கையில் கிடைக்கும் பத்திரிகைக் கதை, ஜெயகாந்தனே 1966இல் ஆனந்த விகடனில் எழுதிய 'அக்கினிப் பிரவேசம்'. நாவலில் அதை எழுதியவர் ஆர்.கே.வி. என்னும் கற்பனை எழுத்தாளர். கதையின் தாய், கெட்டு வந்த மகளின் தலையில் தண்ணீரைக் கொட்டித் தூய்மையாக்கி விஷயத்தை மறைக்கிறாள். கங்காவுக்கும் அதுவே நேர்ந்தபோது அவள் தாயோ கூச்சலிட்டு ஊரறியச் செய்துவிட்டவள். நாவலை முடித்தபின் சிறுகதைக்குத் திரும்புபவர், 1966இன் வாசகர்கள் எவரும் படித்திராத விதத்தில், கங்காவின் பொறாமையோடு அதைப் படிக்கிறார்.

மலேசியாவின் சுங்கை பூலோவில் இருக்கும் தமிழ் வாசகர்கூட இந்த நூல்களுக்காகத் தமிழ்நாட்டுக்குப் போக வேண்டியதில்லை. அங்கிருந்து புறப்படும் கொமுட்டர் ரயில், தமிழ்ப் புத்தகம் விற்கும் பிரிக்ஃபீல்ட்ஸின் வாசலான கே.எல். சென்ட்ரலைத் தொட்டுக்கொண்டு கிள்ளானுக்கே போகிறது. 1956இல் தொடங்கப்பட்ட மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையும், 1998இல் தொடங்கி இலக்கியங்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டமும் மீதிக் குறையை ஏறத்தாழத் தீர்த்துவிடுகின்றன.

தேடியும் கிடைக்காத நூல்களும் உண்டு. சுந்தர ராமசாமியின் 'ஜே.ஜே: சில குறிப்புகள்' (1981) நாவலில் மலையாள எழுத்தாளனாக வரும் ஜே.ஜே. எழுதியதாகச் சொல்லப்படும் நூல்கள் எந்தக் கடையிலும் இல்லை, அவனே கற்பனை. ஆனால் தமிழ் இளைஞன் ஒருவனைச் சந்திக்கும்போது கல்கியின் சிவகாமி சபதத்தை முடித்துவிட்டாளா என்று அவன் ஏளனமாக விசாரிப்பது மெய்யான ஒரு நூலைச் சுட்டுகிறது. அந்தக் கேள்விக்காகவே 1940களின் தொடர்கதையான 'சிவகாமியின் சபத'த்தைக் கையில் எடுப்பவர், நான்காம் பாகம் வரை நடந்த பிறகு, வாதாபி எரிந்து சபதம் நிறைவேறுவதையும், மாமல்லர் அதற்குள் பாண்டிய இளவரசியை மணந்துவிட்டதையும், சிவகாமி ஏகாம்பரநாதரையே கணவனாக ஏற்றுக்கொள்வதையும் காண்கிறார். முடித்துவிட்டாள் என்று ஜே.ஜே.யிடம் ஒரு சொல்லில் பதில் சொல்லிவிட முடியாத முடிவு அது.