குறைகுடத்தின் கூத்து

கடலில் மூழ்கி, பின்னர் மீட்கப்பட்டு ஸ்டாக்ஹோம் அருங்காட்சியகத்தில் நிற்கும் வாசா போர்க்கப்பலைப் பார்ப்பவர்கள் அதன் சிற்பங்களைக் கண்டு மலைத்துப்போவார்கள். என் மனம் அதன் அடிவயிற்றுக்கே போகும். அங்கே சுமார் 120 டன் கல் கிடந்தது. அதுதான் அடிப்பாரம்.

கப்பலுக்கு அடிப்பாரம், குழம்புக்கு உப்பு மாதிரி. குறைந்தால் கப்பல் சாய்ந்த பக்கமே சோம்பிக் கிடந்து, மனமில்லாமல் நிமிரும். மிகவும் குறைந்தால் நிமிரவே நிமிராது. கூடினால்? நுட்பம் அங்கேதான். இரும்புத்தாது ஏற்றிய கப்பலில் எடையெல்லாம் அடியில் கிடக்கும். ஒவ்வோர் அலைக்கும் அது வெடுக்கென்று நிமிர்ந்து ஆளைத் தூக்கியடிக்கும். நல்ல கப்பல் தாராளமாகச் சாயும், அவசரப்படாமல் நிமிரும். யானை நடை போல ஓர் அசைவு அது.

வாசாவில் கல் போதவில்லை. கூடுதலாகப் போடவும் வழியில்லை. கல் ஏறினால் கப்பல் தாழும். தாழ்ந்தால் கீழ்வரிசைப் பீரங்கித் துளைகள் தண்ணீரை நெருங்கும். கனத்துப்போன மேற்கட்டுக்குக் கல் என்ன செய்யும்? புறப்படுமுன் 30 பேரைத் தளத்தின் குறுக்கே ஓடவிட்டுப் பார்த்தார்கள். மூன்று ஓட்டத்திலேயே கப்பல் ஆடிய ஆட்டத்தைக் கண்டு நிறுத்திவிட்டார்கள். கப்பலை நிறுத்தவில்லை, சோதனையை! 1628 ஆகஸ்ட் 10 அன்று, சுமார் 1,300 மீட்டர் போனதும் ஒரு காற்று சாய்த்தது. திறந்திருந்த துளைகள் வழியே கடல் உள்ளே வந்தது.

வந்த தண்ணீருக்குக் கல்லின் குணம் கிடையாது. கல் போட்ட இடத்தில் கிடக்கும். தண்ணீரோ சாயும் பக்கமே ஓடிப்போய்ச் சேர்ந்துகொள்ளும். அகலத் தாம்பாளத்தில் நீரேந்தி நடந்தவர்களுக்கு இது தெரியும். இன்றைய கப்பல்கள் கல்லுக்குப் பதில் கடல்நீரையே தொட்டிகளில் ஏற்றுகின்றன. தொட்டி ததும்ப நிறைந்திருக்க வேண்டும், இல்லையேல் வெறுமையாக இருக்க வேண்டும். குறைகுடம்தான் கூத்தாடும் என்பது அங்கே பழமொழியல்ல, பௌதிகம்.

இதில் நான் சொக்கிப்போவது ஒரு தகட்டைக் கண்டுதான். தொட்டியின் நடுவே நீளவாக்கில் ஒரே ஒரு தடுப்பு வைத்தால் தளும்பலின் கெடுதி பாதியாகும் என்றுதான் தோன்றும். கால்பங்காகிவிடுகிறது!

கார்களும் லாரிகளும் ஏறி இறங்கும் படகுகளில் அந்தத் தகட்டுக்கு இடமில்லை. 1987 மார்ச் 6 அன்று, பெல்ஜியத்தின் ஜீப்ருக துறையிலிருந்து 'ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ்' என்ற அத்தகைய கப்பல் முன்கதவை மூடாமலே கிளம்பியது. வண்டித்தளத்தில் ஏறிய நீர் ஓடுவதற்குக் கப்பலின் அகலம் முழுக்கத் திறந்து கிடந்தது. ஓரிரு நிமிடத்தில் கப்பல் பக்கவாட்டில் படுத்துவிட்டது. இறந்தவர்கள் 193 பேர்.