கண்ணுக்குத் தெரியாத சுடர்

செஞ்சிக்குப் பக்கத்து வல்லத்தில் ஏதாவது ஒரு ஜெராக்ஸ் கடைச் சுவரைப் பாருங்கள். ஃபைபர் பெட்டி பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பச்சை வெறும் அறிவிப்புதான். ரசிக்க வேண்டியது உள்ளே இருக்கிறது: உப்புக்கல்லைவிடச் சிறிய ஒரு லேசர். 1310 நானோமீட்டர் அலைநீளத்தில், நம் கண்ணுக்கே படாத ஒளியைக் கண்ணாடி இழைக்குள் ஊதுகிறது. நொடிக்கு நூறு கோடி முறைக்கு மேல் துடிக்க வல்லது.

இந்த லேசரின் மூதாதையான, 1962இல் பிறந்த குறைகடத்தி லேசருக்குத் திரவ நைட்ரஜன் குளிர் தேவைப்பட்டது. அறை வெப்பத்தில் விடாமல் ஒளிர 1970 ஆனது. இன்று தகரக் கூரைக்கடியில், கத்திரி வெயிலிலும் அசராமல் வேலை செய்கிறதே!

இப்படிப்பட்ட ஒளியைச் சில்லுக்குள் ஓட்டப் பயன்படும் சிலிக்கானுக்கு ஒரு குறை. ஒளியை அழகாக வழிநடத்தும். தானாக ஒளிரத் தெரியாது. சென்னை ஐஐடியில் உருவாகும் சிலிக்கான் ஃபோட்டானிக்ஸ் சில்லுகளுக்கும் சுடர் வேறிடத்திலிருந்துதான் வந்தாக வேண்டும். ஒளிரும் வேலைக்கு இண்டியம் பாஸ்பைடு மாதிரி ஒரு பொருள் வேண்டும். அரிய பொருள், எளிதில் உடையும், விலையும் அதிகம். சில்லின் வாசலும் லேசரின் வாயும் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்க வேண்டும். ஓரிரு மைக்ரான் விலகினாலே ஒளியில் கணிசமான பங்கு வழியில் சிந்திவிடும்.