மாத்திரையும் மைதானமும்

2016 செப்டம்பரில், உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான வாடாவின் ஆவணங்களை இணையத் திருடர்கள் களவாடி வெளியிட்டார்கள். ரியோ ஒலிம்பிக்கில் 4 தங்கம் வென்ற ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸ், கவனக்குறைவு–மிகைச்செயல்பாட்டுக் குறைபாடான ஏடிஹெச்டிக்காக மெத்தில்ஃபெனிடேட் என்ற ஊக்கி மருந்தை எடுத்துக்கொள்பவர் என்பது அப்படித்தான் ஊருக்குத் தெரியவந்தது. தடைப் பட்டியலில் உள்ள அந்த மருந்தை எடுக்க முறையான மருத்துவ விலக்கு இருந்தும் அவரைத் தூற்றினார்கள். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை என்றார் அவர். எனக்கும் அதில் மறுபேச்சு இல்லை. மூளையில் டோபமைனும் நார்அட்ரீனலினும் சற்றுக் கூடுதல் நேரம் தங்க இந்த மருந்து உதவுகிறது. கோச் சொல்வதைப் பாதியிலேயே கோட்டைவிட்டுத் திட்டு வாங்கிய பிள்ளை, கடைசிவரை கேட்டுச் செய்துமுடிக்கிறது. அந்த நிம்மதியைக் குறைத்து மதிப்பிடக் கூடாது.

என் கவலை வேறு. 2008இல் பெல்ஜிய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு சோதனையில், ஏடிஹெச்டி இல்லாத சைக்கிள் வீரர்களுக்கு 20 மில்லிகிராம் மெத்தில்ஃபெனிடேட் கொடுத்தார்கள். 18 டிகிரியில் வித்தியாசம் இல்லை. 30 டிகிரி வெப்பத்திலோ சுமார் 16 சதவீதம் வேகம் கூடியது; உடற்சூடும் ஏறியது. ஆனால், கூடுதலாகச் சிரமப்பட்டதாக வீரர்கள் உணரவே இல்லை! 'போதும், நிறுத்து' என்று உடம்பு சொல்வது காதில் விழாமல் போகிறது. 1967இல் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில், மோன் வான்டூ மலையேற்றத்தின் கடும் வெயிலில் சைக்கிள் வீரர் டாம் சிம்சன் சுருண்டு விழுந்து இறந்தார். அவர் உடலில் ஆம்பெட்டமைன் என்ற இன்னொரு ஊக்கி மருந்து இருந்தது. அவர் அதைச் சிகிச்சைக்காக எடுக்கவில்லைதான். ஆனாலும் ஆபத்தின் வழி அதுவே.

மனநிலையின் கதையும் இப்படித்தான். பகலெல்லாம் தெளிவு, மருந்து இறங்கும் மாலையில் சிலருக்குக் காரணமில்லாத எரிச்சல், அழுகை. மதியம் பசிக்காததால் சாப்பாடு தட்டிலேயே கிடக்கும். வெறும் வயிற்றோடு, படபடக்கும் இதயத்தோடு ஐந்து மணிக்குப் பயிற்சிக்கு வரும் பிள்ளையைப் பார்த்து 'இன்னும் இரண்டு ரவுண்டு' என்கிறார் கோச்.

வாடா விதி இந்த வகை மருந்துகளைப் போட்டி நேரத்தில் மட்டுமே தடுக்கிறது. யாருக்கும் அநியாயமான ஆதாயம் கிடைக்கக் கூடாது என்பதில் அதற்கு அக்கறை அதிகம். பயிற்சி மைதானத்தில் உடம்பு படும் பாட்டைப் பார்க்க ஆளில்லை. என் பார்வையில் பெரிய ஓட்டை இதுதான்.

எனவே, மருந்து எழுதும் டாக்டர்களே, பிள்ளை எத்தனை மணிக்கு, எந்த வெயிலில் ஓடுகிறது என்று கேளுங்கள். பெற்றோரே, மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். கோச்சிடம் மறைக்கவும் செய்யாதீர்கள்.